திருப்பி மடிக்கப்பட்ட இலை

மண்டபத் தலைவரே, நீங்கள் ஒரு மனிதரைப் பந்தியிலிருந்து எழுப்பினீர்கள். பக்கத்திலிருந்தவர்கள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்னால், அவர் மடித்து வைத்திருந்த இலையை உங்கள் கையாலேயே பிரித்து வேறு பக்கமாக மடித்தீர்கள். சென்ற தீபாவளியன்று நம் மண்டபத்தில் எல்லார் கண் முன்னாலும் நடந்தது இது. இல்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. ரச வாளியோடு நான் அதே வரிசையில் நின்றிருந்தேன்.

கட்டுரையை இப்படித் தொடங்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் இப்போது வேலை செய்யும் கவிதா வீட்டுக்கு வந்து, ஓய்வு பெற்றவர்களுக்காக ஒரு மலர் போடுகிறோம் என்றாள். "அக்கா, நீங்க வேல செஞ்ச காலத்துல நடந்தத எழுதிக் குடுங்க. சந்தோஷமா எழுதுங்க லா. ஒங்க வாய் மாதிரியே எழுதிப்புடாதீங்க," என்றாள். சரி என்றுதான் உட்கார்ந்தேன்.

அதே வாரம் மண்டபக் குழுவின் அறிவிப்பு கைப்பேசியில் வந்தது. இந்தத் தீபாவளியிலிருந்து இலவசச் சாப்பாட்டுக்குப் பந்தி கிடையாதாம். இலை கிடையாதாம். பெட்டியில் போட்டு வாசலிலேயே கொடுத்துவிடுவார்களாம். காடியை விட்டு இறங்காமல் வாங்கிக்கொண்டு போகலாமாம். சுகாதாரம் என்று ஒரு காரணம் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, 'சென்ற ஆண்டு நடந்த அசம்பாவிதம் மீண்டும் நிகழாதிருக்கவும்' என்று இருந்தது.

அந்தச் சொல்லைப் படித்த பிறகு எனக்குச் சந்தோஷமாக எழுத வரவில்லை. கவிதா, நீ கேட்டதைத்தான் எழுதுகிறேன். வேலை செய்த காலத்தில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். ஆனால் என் வாய் மாதிரிதான் எழுதுவேன்.

நான் பாக்கியம். பினாங்கில் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் சாப்பாட்டு வண்டி தள்ளியவள். சமைப்பது என் வேலை இல்லை. யாருக்கு என்ன சாப்பாடு என்று முடிவு செய்வதும் என் வேலை இல்லை. தட்டைக் கொண்டுபோய் நோயாளி முன்னால் வைக்க வேண்டும், சாப்பிட்டு முடித்ததும் எடுத்து வர வேண்டும். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டுவிட்டுச் சேர்ந்தேன். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காலில் எப்போதும் ஈரம், கையில் எப்போதும் சூடு. வண்டிச் சக்கரம் லிஃப்ட் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். உப்பில்லாத தட்டும் சர்க்கரை இல்லாத தட்டும் ஆள் மாறிப் போகாமல் வைக்கப் பழகினேன். பயிற்சி என்றால் அதுதான்.

எங்கள் மேற்பார்வையாளர் செல்லத்துரை ஐயா. சிலோன்காரக் குடும்பம். சமையற்கூடப் புழுக்கத்திலும் கழுத்துப் பொத்தானைக் கழற்ற மாட்டார். யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். பெண்கள் எல்லாரும் 'பிள்ளை'. ஆண்கள் எல்லாரும் 'தம்பி', அவரைவிட மூத்த சமையல்காரர் உட்பட. நன்றாக இருக்கிறது என்று அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. நாங்கள் அவருக்கு 'ஃப்ரிட்ஜ்' என்று பேர் வைத்திருந்தோம். அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் குளிர்பதனப் பெட்டி பழுதாகி நின்றுவிட்டது. எல்லாரும் அதைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். ஐயா வந்தார், பார்த்தார். "பெரிய ஃப்ரிட்ஜ் நிண்டு போச்சு. சின்ன ஃப்ரிட்ஜ் இன்னும் ஓடுது. போய் வேலையைப் பாருங்கோ," என்று சொல்லிவிட்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் போய்விட்டார்.

அவர் வைத்திருந்த முறை ஒன்று உண்டு. வேறு எந்தச் சமையற்கூடத்திலும் அப்படி இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வார்டிலிருந்து திரும்பி வரும் தட்டுகளை நேராகத் தொட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது. தொட்டிக்கு முன்னால் ஒரு நீள மேசை. அதில் கட்டில் வரிசைப்படியே தட்டுகளை அடுக்கி, மூடிகளைத் திறந்து வைக்க வேண்டும். ஐயா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடப்பார். நடந்து முடித்த பிறகுதான் மிச்சத்தைக் கொட்டலாம். எச்சில் தட்டுக்கு ராணுவ மரியாதையா என்று நாங்கள் முணுமுணுப்போம். அவர் ஏதாவது ஒரு தட்டுக்கு முன்னால் நின்று, "இது ஆர்?" என்பார். எந்தக் கட்டில் என்று சொல்ல வேண்டும். குழம்பை வழித்துக் குடித்துவிட்டுச் சோற்றைத் தொடாமல் விட்டிருந்தால், நர்ஸ் மிஸ்ஸியிடம் போய் அந்த ஆளின் தொண்டையைப் பார்க்கச் சொல்லுங்கள் என்பார். மிஸ்ஸிகளில் சிலருக்கு எரிச்சல் வரும். அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

ஒருமுறை ஆண்கள் வார்டிலிருந்து ஒரு தட்டு தினமும் ஒரே மாதிரி திரும்பி வந்தது. பாதிச் சோறு, பாதிக் காய், பாதி மீன். கத்தியால் கோடு கிழித்த மாதிரி இருக்கும். மேலே மூடி போட்டு மூடியிருக்கும்.

"பசி இல்ல போலருக்கு ஐயா," என்றேன்.

"பசியில்லாதவன் கிளறி வைப்பான், பிள்ளை. இது பிரிச்சு வச்சது. ஆருக்கு வச்சது எண்டு கேட்டனீரோ?"

கேட்கவில்லை. மறுநாள் கேட்டேன். அந்தக் கிழவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த கட்டில்காரர்தான் சொன்னார். "அவரு பொண்டாட்டிக்கும்மா. அந்தம்மா பஸ் ஏறி வெறும் வயித்தோட வருது. அது வர்றதுக்குள்ள நீங்க தட்ட எடுத்துக்கிட்டு ஓடிர்றீங்க." தினமும் அவர் பிரித்து வைத்திருக்கிறார். தினமும் நாங்கள் எடுத்து வந்து கொட்டியிருக்கிறோம்.

ஐயாவிடம் போய்ச் சொன்னேன். "ம்," என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் தட்டு எடுக்கும் வரிசை மாறியிருந்தது. எப்போதும் முதலில் எடுக்கும் அந்த வார்டு கடைசிக்குப் போயிருந்தது. ஏன் என்று சமையல்காரர் கேட்டார். லிஃப்டில் நெரிசல் என்றார் ஐயா. அந்தக் கிழவரைப் போய்ப் பார்க்கவில்லை. அந்த அம்மாவைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. ஆனால் பார்வையாளர் நேரத்தில் அந்தக் கிழவர் மூடியைத் திறந்து தட்டைத் தன் மனைவி பக்கம் தள்ளுவதை நான் பார்த்தேன். அவள் கட்டிலின் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து வேகமாகச் சாப்பிட்டாள்.

ஒருவர் சாப்பிட்டு வைத்ததைப் பார்த்தால், கொட்டுவதற்கு முன் ஏன் இப்படி என்று கேட்க வேண்டும். என் வேலைக் காலம் முழுவதிலும் நான் கற்றுக்கொண்டது இதுதான். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

இனி மண்டபத்துக்கு வருகிறேன்.

தீபாவளியன்று வேலை விழுந்தால் மதியத் தட்டுகளை முடித்துவிட்டு, எங்களில் சிலர் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருக்கும் அந்த மண்டபத்துக்கு நடந்து போவோம். கோயில் மண்டபம் இல்லை, பொது மண்டபம். யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து சாப்பிடலாம். காசு கிடையாது, கேள்வி கிடையாது. முதல் முறை சும்மா பார்க்கப் போனவள்தான் நான். யாரோ கையில் அப்பளக் கூடையைக் கொடுத்துவிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு வருடம் தவறியதில்லை. கடைசியில் ரசம் என் கைக்கு வந்தது.

யார் யார் வருவார்கள் தெரியுமா? வாடகை அறையில் தனியாக இருக்கும் கிழவர்கள். டயாலிசிஸ் முடித்துவிட்டுக் கையில் பஞ்சு ஒட்டியபடி வருகிறவர்கள். ஊருக்குப் போக முடியாத கெலுகோர் பல்கலைக்கழகப் பிள்ளைகள். காவலுக்கு நிற்கும் நேப்பாளத்து ஜாகாக்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்து சாப்பாட்டுக் கடைகளில் பாத்திரம் கழுவும் தம்பிகள். பக்கத்துத் தெருவில் காய்கறி விற்கும் ஒரு சீனத்து அம்மா வருடா வருடம் வரும். வடையை மட்டும் இரண்டு முறை கேட்கும். "லாகி, லாகி," இன்னும் இன்னும் என்று இலையைத் தட்டும். வீட்டில் தீபாவளிக் கறி மணக்கிறவன் எதற்கு இங்கே வரப்போகிறான்? வீட்டில் ஒன்றுமில்லாதவர்கள்தான் வருவார்கள். அல்லது வீட்டில் யாருமில்லாதவர்கள்.

பரிமாறுவதற்கு அங்கே ஒரு முறை இருந்தது. உப்பு முதலில், பாயசம் கடைசியில் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். மண்டபத்து முறை வேறு. 'போதுமா' என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால், பசியோடு வந்தவன் போதும் என்றுதான் சொல்வான். கரண்டியை இலைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வேண்டாதவன் கையைக் குறுக்கே வைப்பான். வேண்டும் என்கிறவன் சும்மா இருப்பான். அவன் வாயைத் திறந்து கேட்க வேண்டிய அவசியமே இல்லை. வரிசையில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒருவரையும் எழுப்பக் கூடாது. வெளியே எத்தனை பேர் நின்றாலும் சரி. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

அந்த நாளின் நிறைவைச் சொல்ல எனக்குச் சரியான சொல் வரவில்லை. ஆஸ்பத்திரியில் நான் வைத்த சாப்பாட்டை வேண்டாவெறுப்பாகத்தான் தின்றார்கள். இங்கே ரசத்தை ஊற்றியதும் ஒரு ஆள் கண்ணை மூடிக்கொண்டு கையில் ஏந்திக் குடிப்பான். நான் குனிந்தபடியே அடுத்த இலைக்குப் போய்விடுவேன். வீட்டுக்கு வந்து படுத்தால் முதுகு கழன்று விழுவது போல வலிக்கும். அந்த வலி எனக்குப் பிடிக்கும். என் புருஷன் போன பிறகு எனக்குத் தீபாவளி என்று இருந்தது அந்த வலி ஒன்றுதான்.

இப்போது சென்ற தீபாவளி.

கடைசிப் பந்திக்கு முந்தைய பந்தி அது. வரிசைக் கோடியில், சுவரோரமாக, கடைசி இலையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெளுத்த சட்டை, பழைய வேட்டி. அங்கே பாதிப் பேரிடம் புதுத்துணி இருக்காது, அதனால் நான் ஒன்றும் நினைக்கவில்லை. தனக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார். பக்கத்தில் ஒரு நேப்பாளத்துப் பையன். பெரியவர் நிதானமாக, எதையும் விடாமல் சாப்பிட்டார். முடித்ததும் இலையை மடித்தார். தன் பக்கமாக இல்லை. தனக்கு எதிர்ப்பக்கமாக.

நமக்குத் தெரியாதா? விருந்து என்றால் இலையை நம் பக்கம் மடிப்போம், மறுபடி வருவோம் என்று. சாவு வீட்டில்தான் அப்பால் மடிப்போம், இது மறுபடி வேண்டாம் என்று. எனக்கும் திக்கென்றது. தீபாவளியன்று அப்படி ஒரு இலையைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்கும்? வாளியோடு அவர் பக்கம் போகலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தேன். அதற்குள் தலைவர் வந்துவிட்டார்.

அவரோடு அந்த வருடச் செலவை ஏற்றுக்கொண்ட, டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதரும் அவர் மனைவியும் வந்தார்கள். வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள் அங்கே நின்றார்கள்.

"ஐயய்யோ, என்னாங்க இது, சாவு வீட்டு எல மாதிரி?" என்றார் அந்த அம்மா.

தலைவர் குனிந்தார். "பெரியவரே, எலைய மாத்தி மடிங்க. நல்ல நாளும் அதுவுமா."

"இருக்கட்டுங்க ஐயா," என்றார் அவர்.

"மாத்தி மடிங்கன்னு சொல்றேன்ல?"

"இல்லீங்க ஐயா. தெரிஞ்சிதான் மடிச்சேன்."

தலைவர் நிமிர்ந்து டத்தோவைப் பார்த்துச் சிரித்தார். "சாப்பாடு புடிக்கல போலருக்கு டத்தோ. ஓசிச் சாப்பாட்டுக்கு நொட்டம் சொல்றாரு." சிலர் சிரித்தார்கள். பிறகு அவர் கையை நீட்டி இலையைப் பிரித்தார். அதில் ஒட்டியிருந்த மிச்ச ரசமும் மோரும் பெரியவர் மடியில் ஒழுகின. பெரியவர் இலையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தார். இழுக்கவில்லை, சும்மா பிடித்திருந்தார். தலைவர் அதையும் சேர்த்து அவர் பக்கமாக மடித்து, ஒரு தட்டுத் தட்டி அழுத்தினார். மைக்கை வாங்கினார். "எல்லாரும் எலைய உங்க பக்கமா மடிக்கணும். பழக்கம் தெரியாதவங்க பக்கத்துல உள்ளவங்கள கேட்டுக்குங்க." மைக்கைக் கீழே இறக்கி, "எந்திரிங்க பெரியவரே, வெளிய ஆள் நிக்கிது," என்றார்.

பெரியவர் எழுந்தார். பக்கத்திலிருந்த நேப்பாளத்துப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாரும் எழ வேண்டும் போலிருக்கிறது என்று, வாயில் சோற்றோடு அவனும் பாதி எழுந்தான்.

நான் வாளியைத் தரையில் வைத்தேன். "பந்தில உக்காந்த ஆள எழுப்புறீங்களா? என்னா மனுசன்யா நீங்க?" என்று கத்தினேன்.

"அக்கா, சத்தம் போடாதீங்க லா, டத்தோ இருக்காரு," என்றார் தலைவர்.

"இருந்தா இருக்கட்டும். அவரு சாப்பிட்டதில்லையா பந்தில?"

பெரியவர் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார். அதே வரிசையில் பரிமாறிக்கொண்டிருந்த கவிதா என் வாளியை எடுத்துக்கொண்டாள். "நீங்க போங்கக்கா, ரசத்த நான் பாத்துக்கிறேன்," என்றாள். ஓடினேன்.

பஸ் நிறுத்தத்தில் நின்று வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். வாயில் வந்தது வேறு.

"அண்ணே, வீட்ல யாரு?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். "சம்சாரம்மா. இன்னிக்குப் பதினாறு."

பிறகு அவராகவே சொன்னார். பேர் நடேசன். பாகான் டாலாமில் இருக்கிறார். தொழிற்சாலையில் ஜாகாவாக இருந்தவர். பிள்ளைகள் இல்லை. மனைவி சரோஜாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. ஃபெரி ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்து வந்து போனவர்கள்.

"தீவாளிக்கு முந்தியே காரியத்த முடிச்சிருங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. நல்ல நாள்ல கருமாதின்னா எவன் வருவான்னாங்க. அவங்க சொன்னதும் தப்பில்ல. ஆனா அவ நாள் பாக்கிறவம்மா. அடுப்பு மாத்துறதுக்கே நாள் பாப்பா. அவளுக்கே நாள மாத்துனா, அங்கேர்ந்து என்னைய திட்டுவா." கொஞ்சம் சிரித்தார். "காலைல கடற்கரைல எனக்குத் தெரிஞ்சத செஞ்சேன். காக்காய்க்கு வச்சேன். ஆனா கருமாதின்னா நாலு பேரு கூட உக்காந்து சாப்பிடணும்ல? இன்னிக்கு எனக்கு யாரு இருக்கா? போன வருசம் அவளும் நானும் இங்கதான் சாப்பிட்டோம். அடுத்த வருசமும் வரணும்னு சொன்னா. அதான் வந்தேன். யாருக்கும் தீட்டு ஒட்டக் கூடாதுன்னு கடைசில உக்காந்தேன்."

"சொல்லியிருக்கலாமேண்ணே."

"நல்ல நாள்ல சாப்பிடுற எடத்துல சாவுச் சேதிய எப்பிடிம்மா சொல்றது? அதான் எலையோட வச்சிக்கிட்டேன்."

பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் ஒன்று சொன்னார். "நான் முடிச்சி வச்சேம்மா. அவரு தொறந்துட்டாரு. அவ இப்ப எங்க போவா?"

 

தலைவரே, இதை எல்லாம் நான் உங்களிடம் சொன்னேன். மண்டபத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். நீங்கள் முகம் வெளுத்துப் போனீர்கள், அதையும் பார்த்தேன். நீங்கள் கெட்ட மனிதர் என்று நான் எழுத வரவில்லை. அடுப்பும் அண்டாவும் தூக்கியவர், வருடா வருடம் வீடு வீடாகப் போய் அரிசி கேட்டவர். ஆனால் என்ன சொன்னீர்கள்? "எனக்கு எப்பிடிக்கா தெரியும்? அவரு கழுத்துல போர்டா மாட்டியிருந்தாரு?" என்றீர்கள். நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன். "ஏதாச்சும் சாமான் வாங்கி அனுப்பிருவோம்," என்றீர்கள். நல்லவேளை, அதையும் அனுப்பவில்லை. அவர் வீட்டில் அரிசி இருக்கிறது.

நான் போனேன். அதற்குப் பிறகும் பல முறை ஃபெரி ஏறிப் போனேன். பிளாட் வீட்டில் ஒரு நாற்காலி, அதில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் கட்டில் விளிம்பில் உட்காருவார். சீனி போடாத காப்பி கொடுப்பார். சர்க்கரையால் காலில் புண். ஒவ்வொரு முறை போகும்போதும் கட்டு கொஞ்சம் மேலே ஏறியிருக்கும்.

ஒருநாள் நான் கேட்டேன். "அண்ணே, எங்க வீட்டுக்கு வாங்க. நாலு பேரக் கூப்புடுறேன். எல போடுறேன். ஒங்க இஷ்டப்படி மடிங்க."

தலையை ஆட்டினார். "ஒங்க வீட்ல போட்டா அது விருந்தும்மா. எனக்காக நீங்க கூப்புட்டு வர்ற ஆளு, எம்மொகத்தப் பாத்துக்கிட்டே சாப்பிடுவான். அங்க அப்பிடி இல்ல. அவன் அவன் பாட்டுக்குச் சாப்பிடுறான். அதே பந்தில உக்காந்து, ஒரு தடவ மடிச்சி வச்சிட்டு, யாரும் தொடாம எந்திரிச்சி வந்துட்டாப் போதும். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் வேணாம்."

வரும் தீபாவளிக்கு நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். கடைசி இலையில் உட்காருங்கள், நான் பக்கத்திலேயே நிற்கிறேன், எவன் தொடுகிறான் என்று பார்க்கிறேன் என்றேன். சரி என்றார். அதன் பிறகு நான் போகும்போதெல்லாம் தீபாவளி எப்போது என்று கேட்பார். ஜாகா வேலை பார்த்தவருக்கு நாள் தெரியாதா? தெரியும். என் வாயால் கேட்க வேண்டும் அவருக்கு.

அப்புறம்தான் உங்கள் அறிவிப்பு வந்தது.

அதைக் கைப்பேசியில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நேரில் போய்ச் சொன்னேன். அலமாரியிலிருந்து அந்த வேட்டியை எடுத்து வெளியே வைத்திருந்தார். துவைத்து மடித்திருந்தது. ரசக் கறை மஞ்சளாக அப்படியே இருந்தது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். சன்னலுக்கு வெளியே பார்த்தார். என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"பெட்டிய எந்தப் பக்கம்மா மடிக்கிறது?"

கேட்டுவிட்டு அவரே சிரித்தார். என்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.  ஃபெரிக்கு நேரமாகிவிட்டது என்று அவர்தான் என்னை அனுப்பினார். வேட்டியை அலமாரிக்குள் திரும்ப வைக்கும் சத்தம் நான் செருப்பு மாட்டும்போது கேட்டது.

அசம்பாவிதம் என்று எழுதியிருக்கிறீர்கள். எது அசம்பாவிதம்? அவர் இலையை மடித்ததா, நீங்கள் அதைப் பிரித்ததா? இனிமேல் யாரும் இலையைத் தவறாக மடிக்காமலிருக்க இலையையே எடுத்துவிட்டீர்கள். அந்த நேப்பாளத்துப் பையனுக்கும், லாகி லாகி என்று கேட்கும் சீனத்து அம்மாவுக்கும், கையில் பஞ்சோடு வருகிறவர்களுக்கும் சேர்த்து எடுத்துவிட்டீர்கள். பெட்டியை வாங்கிக்கொண்டு அவர்கள் எங்கே போய்ச் சாப்பிடுவார்கள்? அவர்கள் சோற்றுக்காக மட்டும் வரவில்லை. சோறு பினாங்கில் எங்கும் கிடைக்கும். தீபாவளியன்று பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து சாப்பிடுவது எங்கும் கிடைக்காது.

செல்லத்துரை ஐயா இருந்திருந்தால் உங்களோடு சண்டை போட்டிருக்க மாட்டார். அந்த இலைக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "இது ஆர்?" என்று கேட்டிருப்பார். அவ்வளவுதான். நீங்கள் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், இந்தக் கட்டுரை இல்லை. கவிதாவுக்கு நான் ஃப்ரிட்ஜ் கதையை மட்டும் எழுதிக் கொடுத்திருப்பேன்.

எனக்குத் தனியாகப் போன் பண்ணிச் சமாதானம் சொல்ல வேண்டாம். வீட்டுக்கும் வர வேண்டாம். தீபாவளிக்கு முன்னால் மண்டபத்தில் பொதுக்கூட்டம் இருக்கிறது. நான் வருவேன். இதைப் படிக்கிறவர்களும் வாருங்கள். தலைவரே, அந்த மனிதருக்குப் பழக்கம் தெரியாது என்று சொன்னீர்களே, அதே மைக்கைக் கையில் எடுங்கள். எல்லாரும் கேட்கச் சொல்லுங்கள். தெரிஞ்சிதான் மடிச்சேன் என்று நடேசன் சொன்னபோது, வீட்டில் யார் என்று ஏன் கேட்கவில்லை? இந்தத் தீபாவளிக்கு அவருக்கு அந்தச் சுவரோரத்தில் ஓர் இலை போடுவீர்களா, மாட்டீர்களா?